அண்ணன் குரலுக்கு நான் போட்ட புள்ளி

எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் சாக்குப்போக்கு போல் இருக்கும்.

ஜோகூரில் பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு துணித் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. தைத்து முடித்த சட்டையை இழுத்துப் பார்த்து, தையல் கோணலாக இருந்தால் ஒதுக்கிப் போடுவேன். சனிக்கிழமைகளில் வானொலிச் சங்கம். பணத்துக்காக இல்லாமல் ஆசைக்காக வானொலிக் கருவியில் ஒருவரோடொருவர் பேசுகிறவர்களின் சங்கம். அங்கே புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பேன், கூட்டாகப் பேசும்போது கட்டுப்பாட்டு நிலையத்தில் உட்கார்ந்து யார் எப்போது பேசலாம் என்று சொல்வேன். இரண்டு இடத்திலும் எனக்குப் பிழைப்பு குறை கண்டுபிடிப்பதுதான் என்பான் அண்ணன்.

சங்கம் என்றால் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கடைவீட்டின் மாடியில் ஒற்றை அறை. ஓய்வுபெற்ற மலாய் வாத்தியார் ஒருவர் தலைவர். மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கும் சீனர் ஒருவர்தான் எங்கள் ஈயப் பற்றவைப்பு ஆசான். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயில் செம்புக் கம்பியைக் கட்டி ஏரியல் செய்வோம். பந்துத் திடலில் யாராவது ஒரு சின்னக் கருவியை ஒளித்து வைப்பார்கள், சிக்னலை மோப்பம் பிடித்துக்கொண்டே போய் எடுக்க வேண்டும். தலைக்கு மேலே செயற்கைக்கோள் போகும் சில நிமிடங்களுக்குள் அதன் வழியாக வேறு நாட்டுக்காரன் ஒருவனிடம் பெயரைச் சொல்லிவிட்டுத் துள்ளிக் குதிப்போம். அவ்வளவுதான் எங்கள் உலகம். அதில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி வேறு எதிலும் கிடைத்ததில்லை.

அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அறையைக் குளிரூட்டும் ஏர்கோன் பழுதுபார்க்கிறவன். வாய் ஓயாது. ஏணியில் தொங்கிக்கொண்டே வீட்டுக்காரம்மாவிடம் மூன்று தலைமுறைக் கதையைக் கேட்டு வாங்கிவிடுவான். என்னைப் பார்த்துத்தான் அவனுக்கும் வானொலி ஆசை வந்தது. லைசன்ஸ் தேர்வில் இரண்டு முறை விழுந்து மூன்றாம் முறை தேறினான்.

"விழுந்து விழுந்து படிச்சேன்னு சொல்லுவாங்கல்ல, நான் விழுந்துட்டுத்தான் படிச்சேன்" என்று சங்கத்தில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பேசினால், கேட்டவர் முதலில் அந்தக் குரல் எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்ல வேண்டும். ஐந்துக்கு இத்தனை என்று தெளிவுக்குப் புள்ளி. ஐந்து என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. ஒன்று என்றால் ஒன்றும் புரியவில்லை. முகத்துக்காக ஐந்து போடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் போட மாட்டேன். அண்ணனுக்கு மூன்றுக்கு மேல் போட்டதே அபூர்வம். மைக்கை ஐஸ்கிரீம் மாதிரி வாயில் ஒட்டிக்கொண்டு பேசுவான், குரல் கொழகொழவென்று வரும்.

"மைக்கைத் தின்னாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"நீ போடற புள்ளியில எனக்குப் பசி எடுக்குது லா" என்பான். அறையே சிரிக்கும்.

சனிக்கிழமைகளில் அண்ணி ஒரு டப்பா நிறைய உளுந்து வடை கொண்டுவந்து வைப்பார். சாஆ என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தமிழ்ப்பள்ளி முடித்து, இடைநிலைப் பள்ளியில் இரண்டு வருடம் இருந்து, தம்பிகளுக்காக நின்றுவிட்டவர். ஒருநாள் வகுப்பு தொடங்கும்போது வாசலில் நின்று, "நானும் ஒக்காந்து கேக்கவா?" என்றார்.

"கணக்கெல்லாம் வரும் அண்ணி, தலை சுத்திடும். நீங்க வடை போடுங்க, அதுதான் எங்களுக்கு வேணும்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

மழைக்காலம் தொடங்கும் முன் எங்கள் சங்கம் வெள்ளப் பயிற்சி ஒன்று நடத்தும். ஜோகூரில் வெள்ளம் வந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரோடு போய்விடும், கரண்டு போய்விடும், கைப்பேசிக் கோபுரம் ஊமையாகிவிடும். அப்போது கையில் பிடித்துப் பேசும் எங்கள் வாக்கிகள்தான் பேசும் என்பது எங்கள் பெருமை. அந்த வருடம் பயிற்சியைத் திட்டமிட்டது நான். ஒவ்வொருவரும் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை எழுதி உறையில் போட்டு ஒட்டி, காலையில்தான் கொடுத்தேன். முன்கூட்டியே தெரிந்தால் வசதியான இடமாகப் பார்த்து நாற்காலி போட்டுக்கொள்வார்கள். கோபுரங்கள் விழுந்துவிட்டன என்பதுதான் கதை என்பதால், கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறவர்களின் கைப்பேசிகளை வாங்கி, சத்தத்தை நிறுத்தி, ஒரு காலி மைலோ டின்னில் போட்டு மூடினேன். அந்த யோசனையும் என்னுடையதுதான். தலைவர் என்னைப் பாராட்டினார்.

அண்ணனுக்கு விழுந்தது சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். பசியாறிவிட்டு மோட்டர் சைக்கிளில் கிளம்பினான். தனியாகத்தான். போகும்போது, "அங்க போன் லைனே இருக்காது பாப்பா, புலி வந்தா உன்னைத்தான் கூப்பிடணும்" என்றான். வீட்டில் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். வானொலியில் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று சண்டை போட்டு வைத்திருந்தேன். அங்கே எல்லாரும் எனக்கு நீங்கள்தான், அவனும்.

பத்து மணிக்குத் தொடங்கினோம். பதினான்கு நிலையங்கள். மலையில் இருக்கும் ரிப்பீட்டர் எல்லாருடைய குரலையும் பிடித்து மறுபடி வீசும், அதனால் மாவட்டத்தையே ஒரு மேசையில் உட்கார்ந்து கேட்கலாம். நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பத்து பதினேழுக்கு அண்ணன் கூப்பிட்டான், முறை வராமலே. வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. செய்தி இருக்கிறது என்று சொல்ல வந்தான் என்பது மட்டும் புரிந்தது.

"உங்க குரல் கொழகொழன்னு வருது. மைக்கைத் தள்ளிப் பிடிங்க" என்றேன்.

மறுபடி பேசினான். அதே மாதிரிதான். எனக்கு எரிச்சல். பதின்மூன்று பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், என் அண்ணன் மானத்தை வாங்குகிறான்.

"தெளிவு மூன்று. இடம் சரியில்ல. தண்ணித் தொட்டி இருக்கிற மேட்டுக்கு ஏறிப் போய்க் கூப்பிடுங்க."

வழக்கமாக அவன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். அலமாக், இந்த வெயில்லயா, உனக்குக் கண்ணில ரத்தமே இல்லையா என்பான். அன்று அது எதுவும் இல்லை. இழுத்து, "ச்சரி" என்றான். அப்பாடா, ஒரு தடவையாவது சொன்ன பேச்சைக் கேட்கிறான் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

பத்து முப்பத்தைந்துக்கு மறுபடி அவன். மூச்சு வாங்கியது. பிறகு ஒரு சத்தம். "ப்பா" என்று ஆரம்பித்து எங்கோ போய்விட்ட சத்தம். நான் கேட்ட மற்ற எந்த நிலையத்தையும்விடச் சுத்தமாக வந்தது. கரகரப்பு இல்லை, இரைச்சல் இல்லை. சிக்னல் கெட்டால் இரைச்சல் வரும். இரைச்சலே இல்லாமல் பேச்சு மட்டும் குழறினால் கோளாறு கருவியில் இல்லை, ஏரியலில் இல்லை, பேசுகிற ஆளுக்குத்தான் என்னவோ ஆகியிருக்கிறது. முதல் மாத வகுப்பில் இரைச்சல் என்றால் என்ன என்று பலகையில் படம் போட்டு நடத்துகிறவள் நான்தான்.

"தெளிவு இரண்டு. பேட்டரியை மாத்துங்க. மாத்தற வரைக்கும் பேசாம ஸ்டேன்பை" என்றேன். அடுத்த நிலையத்தைக் கூப்பிட்டேன்.

பதினொன்றரைக்கு முடிக்கும்போது எல்லாரையும் வரிசையாக அழைத்தேன். அண்ணன் பதில் சொல்லவில்லை. மூன்று முறை கூப்பிட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் நின்ற மோட்டார் கம்பி சுற்றும் சீனரைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அவர் போன பிறகு வானொலியில் மலாயில் பேசியது இரண்டே வரி. "உங்க அண்ணன் உக்காந்திருக்காரு. வாய் ஒரு பக்கம் கோணியிருக்கு, சீக்கிரம் ஆளை அனுப்புங்க."

பக்கவாதம்.

மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் முதலில் கேட்டது, பேச்சு மாறியது எத்தனை மணிக்கு என்பதுதான். "பத்து பதினேழு" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். வீட்டு ஆட்கள் காலையில் எப்போதோ என்றுதான் சொல்வார்களாம். நான் நிமிடக் கணக்காகச் சொன்னேன். ஏனென்றால் பயிற்சியில் யார் எப்போது பேசினார்கள் என்று நான் குறித்த பதிவுத் தாள் என் கையில் இருந்தது. தெளிவு மூன்று, தெளிவு இரண்டு, பேட்டரி குறைவு. எல்லாம் என் அழகான கையெழுத்தில். மருந்து கொடுக்க ஒரு நேரம் இருக்கிறது, முன்னால் வந்திருந்தால் நிறையக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. நான் அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அண்ணன் பிழைத்தான். வலது கை, வலது கால் போயிற்று. பேச்சு போயிற்று. புரிகிறது, எல்லாம் புரிகிறது, நீ சொல்வது தவறு என்றால் இடது கையால் நாற்காலியைத் தட்டுகிறான். ஆனால் வாயிலிருந்து வருவது ஒரே சத்தம். அந்த வாய்க்கா இந்தக் கதி? ஏ கடவுளே, வேறு எதையாவது எடுத்திருக்கக் கூடாதா? என் காதை எடுத்திருக்கலாமே!

நான் சங்கத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அவர்கள் நிறுத்தவில்லை. தினமும் மாலை ஏழு மணிக்கு எல்லாரையும் அழைக்கும்போது அண்ணனையும் அவனுடைய அழைப்புக்குறி சொல்லிக் கூப்பிடுவார்கள். சில வினாடி காத்திருப்பார்கள். "கேட்டுட்டுத்தான் இருப்பார், நலமா இருக்கட்டும்" என்று மலாயில் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைப்பார்கள். அண்ணன் முன்னறையில் உட்கார்ந்து கேட்பான். ஒருமுறை இடது கையால் பட்டனை அழுத்தி அந்த ஒற்றைச் சத்தத்தை விட்டான். அந்தப் பக்கம் யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவன் வாக்கியைச் சுவரில் எறிந்துவிட்டான். அண்ணி எடுத்துத் துடைத்து மறுபடி மேசையில் வைத்தார்.

நான்கு மாதம் நான் அண்ணியிடம் எதுவும் சொல்லவில்லை. ஞாயிறு தோறும் போவேன். பழம் வாங்கிப் போவேன், அண்ணனுக்கு நகம் வெட்டிவிடுவேன், அண்ணி தரும் தேத்தண்ணியைக் குடிப்பேன். அவர் "நீ இளைச்சுப் போயிட்டம்மா" என்று என்னைத் தேற்றுவார். அவர் கணவனை வெயிலில் மேடேற வைத்தவள் நான் என்று அவருக்குத் தெரியாது, அதனால்தான் தேத்தண்ணி தருகிறார் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அண்ணன் தூங்கியதும், சமையலறையில் அந்தத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"அண்ணி, அன்னைக்கு அண்ணன் கூப்பிட்டான். பேச்சு கொழறுனுச்சு. மைக்கு சரியில்லன்னு நெனச்சேன். மேட்டுக்கு ஏறச் சொன்னது நான்தான்."

அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

அண்ணனுடைய பழைய வாக்கி ஒன்று அந்தச் சமையலறை அலமாரியில் இருந்தது. சனிக்கிழமைகளில் வடையைக் கொடுத்துவிட்டு வந்து, நாங்கள் பேசுவதை அவர் சமைத்துக்கொண்டே கேட்பாராம். வகுப்புக்கு வராதே என்று சொல்லப்பட்டவர் வேறு எப்படிக் கேட்பார்? அது அங்கே இருப்பது எனக்கும் தெரியும். அதை யாராவது காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"மொத வார்த்தையிலயே தெரிஞ்சிடுச்சும்மா" என்றார். "அவரு குடிச்சாக்கூட அப்படிப் பேச மாட்டாரு. எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆச்சு. எனக்குக் கை கால் ஓடல. ஒங்கண்ணனுக்குப் போன் அடிச்சேன், லைன் இல்ல. ஆம்புலன்சுக்கு 999 அடிச்சா எந்தத் தோட்டம்னு கேக்கறாங்க. எனக்கு எங்க தெரியும்? ஒனக்கு அடிச்சேன். எடுக்கவே இல்ல நீ. அடிச்சுக்கிட்டே இருந்தேன்."

அன்று மைலோ டின்னைத் திறந்தபோது என் கைப்பேசியில் அண்ணியின் அழைப்புகள் பதினொன்று கிடந்தன. செய்தி தெரிந்த பிறகு பதறி அடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மணியைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்றுதான் பார்க்கவில்லையோ என்னவோ.

"இந்த வாக்கியில கத்திடலாம்னு எடுத்தேன்" என்றார் அண்ணி. "நீதானே சொல்லியிருந்த, லைசன்ஸ் இல்லாதவங்க இந்தப் பட்டன அமுக்கினா கேசு, அண்ணன் லைசன்சும் போயிடும்னு. அதான் வச்சிட்டேன்."

சொல்லியிருக்கிறேன். வாக்கியை அவர் கையில் பார்த்த அன்றே, குழந்தையை அடுப்புப் பக்கம் போகாதே என்று சொல்கிற குரலில் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அழுதேன், அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். ஆனால் நான் அழுதது அவர் நினைத்த காரணத்துக்கு மட்டும் இல்லை. எங்கள் பாடத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து, வேறு எந்த வழியிலும் உதவி கேட்க முடியவில்லை என்றால், கிடைத்த வானொலியில் யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். லைசன்ஸ் தேவையில்லை. வகுப்பில் உட்கார்ந்த எல்லாருக்கும் அது தெரியும். வாசலில் நின்றவருக்குத் தெரியாது. அதை அவரிடம் சொன்னால் என்ன ஆகும்? என் பாரத்தில் பாதி அவர் தலையில் ஏறிவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

கிளம்பும்போது அவர்தான் ஆரம்பித்தார். "அந்த வகுப்ப மறுபடி எடுக்கிறியா? நான் படிக்கணும். சாயங்காலம் அவரைக் கூப்பிடறப்போ பதில் சொல்ல ஆளில்ல. நான் லைசன்ஸ் எடுத்துட்டா, அவரு பக்கத்துல இருந்து நல்லா இருக்காருன்னு சொல்லுவேன்ல? இந்தத் தடவை முடியாதுன்னு சொல்லிடாத."

எப்படி முடியாது என்பேன்?

புதன் மாலைகளில் அவர் வீட்டு மேசையிலேயே நடத்தினேன். தமிழில் கையால் எழுதி நோட்டுப் போட்டுக் கொடுத்தேன். தலை சுற்றும் என்று நான் சொன்ன கணக்கை அவர் விரல் விட்டே போட்டுவிட்டார். அண்ணன் நாற்காலியிலிருந்து பார்ப்பான். அவர் சரியாகச் சொன்னால் நாற்காலியைத் தட்ட மாட்டான், அதுதான் பாராட்டு. சில மாலைகளில் எங்களுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

உயிராபத்து பற்றிய அந்தப் பக்கத்தை நோட்டில் எழுதாமல் விட்டுவிடலாம் என்று மூன்று வாரம் தள்ளிப் போட்டேன். அது தேர்வில் வரும். வராமல் போனாலும், அங்கே உட்கார்ந்து படிக்கிறவரிடம் மறுபடி ஒன்றை மறைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஒருமுறை அவருக்கு எது தேவை, எது தேவையில்லை என்று நான் முடிவு செய்ததற்கு எங்கள் எதிரிலேயே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். எழுதினேன். நோட்டை நீட்டினேன். வாய்விட்டுப் படிப்பது அவர் பழக்கம். படித்தார். பாதியில் குரல் நின்றது. மீதியைக் கண்ணால் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இது அப்பவும் இருந்துச்சா? இல்ல, புதுசா?"

"அப்பவும் இருந்துச்சு அண்ணி."

"அப்போ நான் அமுக்கியிருக்கலாம்."

"அமுக்கியிருக்கலாம்" என்றேன்.

அண்ணி நோட்டின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டார். இத்தனை மாதத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் சத்தம் வரவில்லை, தாடை மட்டும் ஆடியது.

"வச்சிட்டேன்னு ஒன்கிட்ட சொன்னேன்ல" என்றார். "வைக்கல. நீ அவரை ஏறச் சொன்னதுலேருந்து அந்தச் சீனரு பேசற வரைக்கும் கையிலதான் இருந்துச்சு. வெரலு அந்தப் பட்டன் மேலயேதான் இருந்துச்சு."

அண்ணன் நாற்காலியைத் தட்ட ஆரம்பித்தான். தட்டிக்கொண்டே இருந்தான். எது தவறு என்று சொல்கிறான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.